எல்லாம் கூகுளில் இருக்கும்போது ஏன் பாடமாக்க வேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மூன்று கேள்வி கேட்டாய். எல்லாமே கூகுளில் கிடைக்கும்போது எதற்கு மாமா பாடமாக்க வேண்டும் என்பது முதலாவது. தேடித் தேடியே இந்தக் காலத்துப் பிள்ளைகளின் மூளை மழுங்கிப்போகிறது என்று டியூஷன் சேர் சொல்கிறாரே, உண்மையா என்பது இரண்டாவது. மூன்றாவதை மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டாய்: நாம் தேடுவதையெல்லாம் யாராவது பார்ப்பார்களா? அன்றைக்கு இருந்த மழைக்கு லைன் விட்டுவிட்டுத்தான் வந்தது, ஒன்றையும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறேன், யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்காமல் ஒரு வருடமும் போனதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், உன் கூட்டாளிகளுக்கும் காட்டு.

உன் அம்மாயியிலிருந்து தொடங்குகிறேன், ஞாபகசக்தி என்றாலே எனக்கு அம்மாதான் முன்னுக்கு வருவார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். நாளைக்கு மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள். கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிக் கொப்பியில் எழுதிக்கொள்வார், நம்மவர்கள் காதால் கேட்டுக்கொள்வதோடு சரி. அந்திக்கு வேலை விட்டு வந்து, தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் கால் கழுவும்போது அம்மாவும் பக்கத்துக் காம்பரா பெரியம்மாவும் மாறி மாறிச் சொல்லிக்கொள்வார்கள். "எனக்குக் காலைக்கு ஆறு, பகலுக்கு ஒம்பது, அந்திக்கு ஏழு. ஒனக்கு?" பெரியம்மா தன்னுடையதைச் சொல்வார். பிறகு முந்தின நாள் கணக்கு, அதற்கும் முந்தின நாள் கணக்கு. இரவு இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடும்போது இன்னொரு தடவை. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சம்பள நாளில் துண்டை வாசித்துக் காட்டினேன். மொத்தக் கிலோவைச் சொன்னதும் அம்மா, "பதிமூணு கொறையுது" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போய், ஒன்றாம் தேதியிலிருந்து நாள் நாளாக ஒப்பித்தார். செக்ரோலை, அதாவது தோட்டத்து வேலைக் கணக்குப் புத்தகத்தை, புரட்டிப் பார்த்தால் இரண்டு நாள் அந்தி நிறுவை ஏறாமலே கிடந்தது, ஒரு நாள் ஏழு, இன்னொரு நாள் ஆறு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஞாபகத்தைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்த இரண்டு பெரிய விஷயங்கள் அந்தப் பீலிக்கரையிலேயே இருந்தன.

ஒன்று, மனிதர்கள் தனித்தனியாக ஞாபகம் வைப்பதில்லை. பெரியம்மாவுக்குத் தன் கணக்கு தவறினால் அம்மாவிடம் கேட்பார், அம்மாவுக்கு யார் வீட்டுப் பிள்ளை எந்த மாதம் பிறந்தது என்று தெரிய வேண்டுமானால் பெரியம்மாவிடம்தான் போக வேண்டும். டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் கணவன் மனைவிகளை வைத்து இதைப் பேசினார். சேர்ந்து வாழ்கிறவர்கள் ஞாபகத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள், விஷயத்தை வைத்திருக்காவிட்டாலும் அது யாரிடம் இருக்கிறது என்பதை வைத்திருக்கிறார்கள் என்றார். அதே வெக்னரும் பெட்சி ஸ்பாரோ என்பவரும் இன்னொருவரும் 2011இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கூகுள் மூளையைக் கெடுக்கிறது என்று யார் சொன்னாலும் பெரும்பாலும் அந்தக் கட்டுரையைத்தான் கையில் எடுப்பார்கள், ஆகவே அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். ஒரு பரிசோதனையில் 40 துணுக்குச் செய்திகளைக் கணினியில் தட்டச்சு செய்யச் சொன்னார்கள், தீக்கோழியின் கண் அதன் மூளையை விடப் பெரியது என்பது மாதிரி. பாதிப் பேரிடம் இது சேமிக்கப்படும் என்றார்கள், மீதிப் பேரிடம் அழிந்துவிடும் என்றார்கள். அழிந்துவிடும் என்று நம்பியவர்களுக்கே அதிகம் ஞாபகம் இருந்தது. இன்னொன்றில் செய்திகளைக் கோப்புறைகளில் போட்டு வைத்தார்கள். பலருக்குச் செய்தி மறந்துபோனது, எந்தக் கோப்புறையில் கிடக்கிறது என்பது மறக்கவில்லை. பெரியம்மா இருந்த இடத்தில் இப்போது கணினி வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அதே கட்டுரையில் இருந்த வேறொரு பரிசோதனையை, கஷ்டமான கேள்வி கேட்டாலே மனம் தானாகக் கணினியை நினைக்கிறது என்று காட்டிய பகுதியை, வேறு ஆய்வாளர்கள் திருப்பிச் செய்து பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். அது அப்படி வரவில்லை. அதே 2018 வேலையில் மொத்தம் 21 ஆய்வுகளைத் திருப்பிப் பார்த்ததில் 13தான் தேறின. அதனால் யாராவது "ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள்" என்று முழங்கினால் கொஞ்சம் பொறுமையாகக் கேள். போதாததற்கு, 2015இல் ஸ்டோர்ம், ஸ்டோன் என்ற இருவர் செய்த ஆய்வு நல்ல பக்கத்தையும் காட்டியது: ஒரு கோப்பைப் பத்திரமாகச் சேமித்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருப்பவர்கள் அடுத்த கோப்பைக் கூடுதலாக ஞாபகம் வைத்தார்கள். சுமையை இறக்கி வைத்தால் அடுத்த சுமையைத் தூக்கலாம். டெலிபோன் நம்பர்களை நான் இப்போது தலையில் வைப்பதில்லை, அதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

கவலை இரண்டாவது விஷயத்தில்தான். அம்மாவும் பெரியம்மாவும் தினமும் செய்தது என்ன? கொப்பியைப் பார்க்காமல், தலைக்குள்ளிருந்து வெளியே எடுத்தார்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்ப ஒரு தடவை வாசித்தார்கள், சிலர் பந்தியை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் ஞாபகம் வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களிடம் 56 சதவீதம் மிஞ்சியிருந்தது, வாசித்தவர்களிடம் 42. வெளியே எடுக்கிற அந்த முயற்சிதான் ஞாபகத்தை ஊன்றுகிறது. போன் கையில் இருந்தால் நாம் முதலில் கைவிடுவது அதைத்தான். பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, இன்னும் அரை நிமிடம் யோசித்தால் வந்துவிடும், அதற்குள் விரல் திரைக்குப் போய்விடுகிறது. விடை கிடைக்கிறது, தலையில் தங்குவதில்லை, நாளைக்கும் அதையே தேடுகிறோம். ஆகவே பாடமாக்கு என்று சொல்வதை விட, தேடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்துப் பார், தேடிய பிறகு மூடிவிட்டு எழுதிப் பார் என்றுதான் சொல்வேன். உயர்தரப் பரீட்சை மண்டபத்துக்குப் போன் வராது என்பது ஒரு காரணம்தான், பெரிய காரணமும் அதுவல்ல.

பெரிய காரணத்துக்கு வருகிறேன். போன வருடம் ஒரு பிள்ளை வரலாற்று ஒப்படை செய்துகொண்டிருந்தாள். மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தைத் தேடி, 1964இல் கையெழுத்தானது, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று அழகாக எழுதியிருந்தாள். அதற்கு இரண்டு பக்கம் முன்னால் அவளே, அப்போது நாடற்றவர்களாக இருந்தவர்கள் 975,000 பேர் என்றும் எழுதியிருந்தாள். இரண்டையும் கூட்டிப் பார் என்றேன். 825,000 வந்தது. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு "சேர், மிச்சம் ஒன்றரை லட்சம் பேர் எங்கே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எந்தத் தேடல் பக்கத்திலும் அவளைத் தேடி வந்திருக்காது. அந்த 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்தார்கள், 1974 ஒப்பந்தத்தில் ஆளுக்குப் பாதி என்று இரு நாடும் பிரித்துக்கொண்டன. அவள் வீட்டுக்குப் போய்த் தன் தாத்தா எந்தப் பாதியில் வந்தார் என்று விசாரித்திருக்கிறாள். ஒரு எண்ணை இங்கே பார்த்து மறந்து, இன்னொன்றை அங்கே பார்த்து மறந்தால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. தலைக்குள் ஒன்றாகக் கிடக்கும் விஷயங்கள்தான் ஒன்றோடொன்று மோதிக் கேள்வியாகின்றன. புத்தி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான் என்பது என் எண்ணம்.

யேல் பல்கலைக்கழகத்தில் 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. சில கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடியவர்களிடம், அதோடு சம்பந்தமே இல்லாத வேறு கேள்விகளை உங்களால் எவ்வளவு விளக்க முடியும் என்று கேட்டார்கள். தேடாமல் வந்தவர்களை விடத் தேடிவிட்டு வந்தவர்கள் தங்களுக்குக் கூடுதலாகத் தெரியும் என்று மதிப்புப் போட்டார்கள். வெளியே கிடப்பதைத் தன்னுடையது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. வகுப்பில் இதை நான் தினமும் பார்க்கிறேன். "தெரியும் சேர்" என்பார்கள், சரி சொல் என்றால் இரண்டாவது வசனத்தில் நின்றுவிடுவார்கள். அந்தப் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை, தெரியும் என்றே நம்புகிறார்கள்.

தேடவும் அறிவு வேண்டும். தேயிலைக் கொழுந்தில் வெள்ளையாகக் கொப்பளம் கிளம்பினால் கொப்புள நோய் என்ற பெயர் தெரிந்தவனுக்கு உடனே வழி திறக்கும், தெரியாதவன் சுற்றிக்கொண்டிருப்பான். நம்மைப் போலத் தமிழில் தேடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. "பிறப்புச் சான்றிதழ் எடுப்பது எப்படி" என்று போட்டுப் பார், தமிழ்நாட்டு நடைமுறை வந்து நிற்கும், அதைப் பார்த்துவிட்டு யாராவது இ-சேவை மையம் எங்கே என்று ஹட்டனில் விசாரித்தால் என்ன பதில் கிடைக்கும்? நம் ஊர்ச் சொல் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அதோடு பிரதேச செயலகம் என்றும் சேர்த்துப் போட்டால் நம் நாட்டுப் பக்கங்கள் வர வழி உண்டு. தேடுபொறி உண்மையை எடை போடுவதில்லை. 1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது அடிப்படை யோசனை, எந்தப் பக்கத்துக்கு மற்றப் பக்கங்களிலிருந்து அதிகமான, மதிப்பான இணைப்புகள் வருகின்றனவோ அதை மேலே வை என்பது. அதன்பிறகு எத்தனையோ கணக்குகள் சேர்ந்துவிட்டன, இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கமும் மேலே வந்து நிற்கிறது. அப்படியிருந்தும் முதலில் நிற்பதுதான் சரி என்று அர்த்தமில்லை, "விளம்பரம்" அல்லது "Sponsored" என்ற சின்ன எழுத்தோடு நிற்பது காசு கொடுத்து நிற்பது. மூளை மழுங்குகிறதா என்ற உன் கேள்விக்கு இதுதான் என் பதில்: கொஞ்சம் தெரிந்தவனுக்குத் தேடுபொறி கை கொடுக்கிறது, ஒன்றுமே தெரியாதவனைத் தெரிந்தவன் மாதிரி உணர வைக்கிறது.

சில விஷயங்கள் தலையில் இருந்தே ஆக வேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள், தோட்டத்து வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை நீ கேள்விப்பட்டிருப்பாய். நாமும் சரிவில்தான் குடியிருக்கிறோம். நிலத்தில் புது வெடிப்பு, மரமோ கம்பமோ சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், ஓடிக்கொண்டிருந்த ஊற்று நின்றுபோதல், தெளிந்த நீர் திடீரென்று சேறாக வருதல், கதவு ஜன்னல் இறுகிப்போதல். இவற்றைக் கண்டால் மழை விடட்டும் என்று காத்திருக்காமல் வெளியேற வேண்டும். பெருமழை இரவில் கரண்ட் போய், சிக்னலும் போன பிறகு யார் இதைத் தேடப் போகிறார்கள்? வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் மனப்பாடமாகச் சொல்கிறார்களா என்று நீயே கேட்டுப் பார், தம்பியையும் கேள்.

இனி மூன்றாவது கேள்வி. நீ குரலைத் தாழ்த்தியது எனக்குக் கேட்டது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டொக்டரிடம் சொல்லாததை, அம்மாவிடமும் சொல்லாததை நாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் எழுதுகிறோம். உடம்பு, பயம், கடன், காதல் என்று எல்லாமே அங்கே போகிறது. நாம் மறந்துவிடுகிறோம், அது வைத்துக்கொள்கிறது: என்ன தேடினாய், எத்தனை மணிக்கு, ஏறக்குறைய எந்த ஊரிலிருந்து, எந்த விடையைத் தொட்டாய். கணக்குக்குள் இருந்து தேடினால் இவை உன் பெயரோடு சேருகின்றன. யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து உன்னுடையதை வாசிக்கிறார் என்று நினைக்காதே, இயந்திரம் அதை வைத்து நீ எப்படிப்பட்ட ஆள் என்று கணிக்கிறது, அந்தக் கணிப்புக்குப் பொருத்தமான இடத்தை விளம்பரக்காரருக்கு விற்கிறது.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று சொல்வார்கள். 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க நிறுவனம் ஆராய்ச்சிக்கு உதவட்டும் என்று சுமார் 650,000 பேர் மூன்று மாதம் தேடிய இரண்டு கோடி தேடல்களைப் பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. சில நாளிலேயே பத்திரிகைக்காரர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களை மட்டும் வரிசையாக வாசித்து, அதற்குச் சொந்தக்காரியான ஓர் அம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். தன் ஊரில் என்ன கிடைக்கும், தன் சொந்தக்காரர்கள் பெயர், நாயின் சேட்டை, இப்படிச் சாதாரணமானவையும் அவர் தேடியவற்றில் இருந்தன.

நம் பக்கத்தில் ஆபத்து அதை விடக் கிட்டத்தில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு போன். அப்பா வேலை விட்டு வந்தால் அவரிடம், இரவு அண்ணனிடம், விடிய ஆன்லைன் பாடத்துக்குத் தங்கச்சியிடம். மாதவிடாய் வலி பற்றித் தேடிய ஒரு பிள்ளைக்கு, அண்ணன் போனை எடுத்து முதல் எழுத்தைத் தட்டியதுமே அந்த வசனம் முழுதாக எழும்பி வந்து, வீட்டில் பெரிய விசாரணையே நடந்தது. அந்தப் பிள்ளை என்னிடம் வந்து அழுதபோது எனக்கு நெஞ்சு வலித்தது. ஒரு பாவமும் செய்யாத பிள்ளை அது, உடம்புக்கு என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் தேடியது. இன்னொன்று, போன் வாங்கும்போது கடையில் இருக்கிற தம்பியே ஜிமெயில் கணக்கைத் திறந்து, பாஸ்வேர்டையும் தானே போட்டு, ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பது. அவர் உதவியாகத்தான் செய்கிறார், ஆனால் அந்தப் பாஸ்வேர்ட் தெரிந்த எவரும் வேறு போனிலிருந்தே கணக்கில் சேர்ந்திருக்கும் உன் தேடல், உன் படங்கள் எல்லாவற்றையும் பார்க்க முடியும். எத்தனை அம்மாமாரின் போன் அப்படிக் கிடக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டால் பாதி வகுப்பு கையைத் தூக்குகிறது.

இன்காக்னிட்டோவில், அதாவது உலாவியின் மறைநிலையில், தேடினால் சரிதானே என்பாய். அண்ணனுக்குத் தெரியாமல் இருக்க அது உதவும், ஏனென்றால் போனில் பதிவு தங்காது. இணையத்தளங்களுக்கும் நிறுவனத்துக்கும் போவதை அது தடுப்பதில்லை. இதற்காகவே அமெரிக்காவில் 2020இல் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள், 2024இல் சமரசமாகி, அப்படிச் சேர்ந்த பதிவுகளை அழிக்க நிறுவனம் ஒத்துக்கொண்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே மாதத்தில், பழைய கடன் ஏல அறிவித்தல் தன் பெயரைத் தேடினால் இன்னமும் வருகிறது என்று முறையிட்ட ஒரு ஸ்பானியர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பத்திரிகையில் அந்தச் செய்தி அப்படியே இருக்கலாம், பெயரைத் தேடுகிறவனுக்கு அதைக் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது, பக்கத்து வீட்டார் கூட ஒரு மனிதனின் பழைய கஷ்டத்தைக் காலப்போக்கில் மறந்துவிடுவார்கள். இலங்கையிலும் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, உன்னைப் பற்றி வைத்திருப்பதைக் கேட்டுப் பார்க்க, திருத்த, அழிக்கச் சொல்லும் உரிமைகள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன.

சட்டத்துக்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியது இவ்வளவுதான். கூகுள் கணக்குக்குள் "எனது செயல்பாடு" என்ற பக்கம் இருக்கும், அதைத் திறந்தால் இதுவரை தேடியதெல்லாம் தேதி வாரியாக வரும், முதல் தடவை பார்க்கும்போது வயிறு கலங்கும். வேண்டாததை அழிக்கலாம், முழுப் பதிவையுமே நிறுத்தி வைக்கலாம். 2020இலிருந்து புதிதாகத் திறக்கும் கணக்குகளில் 18 மாதத்துக்கு மேற்பட்டது தானாக அழியும்படி வைத்திருக்கிறார்கள், அதை மூன்று மாதமாகக் குறைக்கவும் வழி உண்டு. பொதுப் போனில் தேடுவதானால் டக்டக்கோ போன்ற, தேடலை ஆளோடு சேர்த்து வைக்காத தேடுபொறியை இன்காக்னிட்டோவில் திறந்து தேடு. உடம்பு சம்பந்தமாக என்ன சந்தேகம் இருந்தாலும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கலாம், நம் அக்காமாருக்கு எத்தனையோ விஷயத்தில் அவர்தான் துணை நின்றிருக்கிறார்.

வருகிற போயா லீவுக்கு வரும்போது உன் அம்மாவின் போனையும் மறக்காமல் கொண்டு வா. கடையில் எழுதிக் கொடுத்த அந்தத் துண்டையும் எடுத்து வந்தால் பாஸ்வேர்டை உட்கார்ந்து மாற்றிவிடலாம். புதியதை அம்மாவே யோசித்துப் போடட்டும், எங்கேயும் எழுத வேண்டாம். அடுத்த ஒரு வாரம் தினமும் அந்திக்கு அவர் அதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தால் போதும்.